ஒரு மூடி பிராந்தி

(ஆம்பூரில் நடந்த உழைக்கும் பெண்கள் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. இன்னிக்கு வாசிக்கப் போறதில்லை. ஏழெட்டு வருசத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரு கவிதையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன். அந்தக் கவிதையில் ஒரு தப்பு இருக்கிறது. எழுத்துப் பிழை, சந்திப் பிழை என்றால் திருத்திக்கொள்ளலாம். நான் ஒரு ஆளையே விட்டுவிட்டேன்.

கவிதை என் ஆயாவைப் பற்றியது. ஆயா தோல் ஷாப்பில் வேலை செய்தவள். உப்புத் தோலை உதறுவது, சுமப்பது, காயப்போடுவது, கழிவை வாருவது. பொழுது சாய வீட்டுக்கு வந்தால் எத்தனை குடம் தண்ணி ஊத்தினாலும் அந்த வாடை உடம்பை விட்டுப் போகாது. ஒரு கிளாஸ் பட்டைச் சாராயம் உள்ளே போனால்தான் சோறு இறங்கும் என்பாளாம். குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டு கடைசிப் பிள்ளைக்கு, அதாவது என் சித்தப்பாவுக்குப் பால் கொடுப்பாள். இதெல்லாம் நைனா சொல்லி நான் கேட்டது.

சாராய வாடையும் தோல் வாடையும் பால் வாடையும் ஒன்றாக அடிக்கும் அந்த மார்பைக் கொண்டாடி எழுதினேன். வேலூரில் ஒரு கூட்டத்தில் வாசித்தேன். நல்ல கைதட்டல். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். ஓய்வு பெற்ற கிராம சுகாதார நர்ஸ். நம்ம சனம்தான். “கவித நல்லா கீதும்மா. அந்தப் பாலக் குடிச்ச புள்ள இன்னா ஆனான்? அத்த எழுதவே இல்லியே” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆயா இருந்தாள், சாராயம் இருந்தது, முதலாளி இருந்தான், ஊர் இருந்தது, சேரி இருந்தது. கைப்பிள்ளை மட்டும் என் கவிதையில் இல்லை.

ஏன் இல்லை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் படித்து வளர்ந்த சிறுபத்திரிகைகள் எனக்கு ஒரு பெரிய தைரியத்தைக் கொடுத்தன. எது எதையெல்லாம் காட்டி நம்மை இழிவு என்றார்களோ, அதையெல்லாம் நம்முடையது என்று நிமிர்ந்து சொல்லும் தைரியம். மாட்டுக்கறி தின்போம், வசவு பேசுவோம், சாராயம் குடிப்போம், உனக்கு என்ன என்று கேட்கும் எழுத்து. அந்த எழுத்து தேவையாக இருந்தது. அது இல்லாவிட்டால் நான் இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன். ஆனால் மாட்டுக்கறியையும் சாராயத்தையும் ஒரே தட்டில் வைத்தது சரிதானா? மாட்டுக்கறி என் பிள்ளையின் ரத்தத்தை ஊறவைக்கிறது. சாராயம் என்ன செய்கிறது? இந்தக் கேள்வியைச் சைவப் பிள்ளைமாரும் கேட்கலாம், அய்யரும் கேட்கலாம். அவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக நாம் கேட்காமல் இருக்க முடியாது.

என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கூட்டம் நடந்து இரண்டு வருசம் கழித்து எனக்குப் பிள்ளை பிறந்தது. ஆபரேசன். தையல் போட்ட இடம் இழுத்துப் பிடிக்கிறது, ராத்திரி தூக்கமில்லை. அம்மா வீட்டில் இருக்கிறேன். ஐந்தாம் நாள் ராத்திரி அம்மா ஒரு மூடி பிராந்தியை வெந்நீரில் கலந்து கொண்டுவந்து கொடுத்தது. “பச்ச ஒடம்பு. குளிரு ஏறிக்கும். ஒரு மூடி குடி. வலி தெரியாது, பாலும் நல்லா ஊறும்.” அம்மாவுக்கு ஆயா கொடுத்தது, எனக்கு அம்மா கொடுத்தது. பாட்டிலை வாங்கிவந்தது என் வீட்டுக்காரர். மருந்துக்கடையில் மருந்து வாங்குகிற மாதிரிதான் போய் வாங்கிவந்தார். நான் டிகிரி படித்தவள். பேங்கில் வேலை பார்ப்பவள். ஒரு வார்த்தை கேட்காமல் குடித்தேன். ஒரு ராத்திரி இல்லை, பத்துப் பன்னிரண்டு ராத்திரி.

பிள்ளை மார்பில் வாய் வைப்பான், இழுப்பான், விட்டுவிட்டு அழுவான், மறுபடி இழுப்பான். எனக்கு மார்பு கனத்துக்கொண்டே போனது. “பாரு, பால் எவ்ளோ ஊறிக்கீது, புள்ளதான் குடிக்கத் தெரியாம கீறான்” என்றார்கள். எனக்கு அந்த நர்சம்மா ஞாபகம் வந்தது. நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் திட்டவில்லை. “எத்தனை மூடி, எத்தனை மணிக்கு, எவ்ளோ நேரம் கழிச்சிப் பால் கொடுக்கிற?” என்று வரிசையாகக் கேட்டார். அன்றைக்கு அவர் சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் உங்களிடம் சொல்கிறேன்.

வயிற்றுக்குள் போன சாராயம் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் எந்த அளவுக்கு இருக்கிறதோ கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பாலிலும் இருக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பாலில் உச்சத்துக்குப் போகும். சாப்பாட்டோடு குடித்தால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். ரத்தத்தில் இறங்க இறங்கப் பாலிலும் இறங்கும். ஆகவே, பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டால் சாராயம் போய்விடும் என்று நினைப்பது தப்பு. ரத்தத்தில் இருக்கும்வரை புதிதாக ஊறும் பாலிலும் அது இருக்கும். நேரம் போனால்தான் போகும்.

எவ்வளவு நேரம்? கடையில் விற்கும் பிராந்தியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். 30 மில்லியில் சுமார் 10 கிராம். அது ஒரு பெண்ணின் உடம்பை விட்டுப் போக இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, இதைப்போல ஆறு மடங்கு. அரை நாளுக்கு மேல் ஆகும். நம் பெண்கள் பல பேர் நாற்பது, நாற்பத்தைந்து கிலோதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். காய்ச்சும் சாராயத்துக்கு இந்தக் கணக்கும் கிடையாது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவனுக்கே தெரியாது.

பிள்ளையின் பக்கம் பாருங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தையின் உடம்பு, பெரியவர்களின் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் ஆல்கஹாலை வெளியேற்றும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனல்லா என்ற பெண்ணும் கேரி போஷாம்பும் 1991ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தாய் கொஞ்சம் குடித்த பிறகு வந்த மூன்று நான்கு மணி நேரத்தில் குழந்தைகள் வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகப் பால் குடித்தன. அதிகமாகச் சப்பின, கிடைத்ததோ கம்மி. மெனல்லாவின் பிந்திய ஆய்வுகளில், அப்படிப் பால் குடித்த குழந்தைகள் அடுத்த சில மணி நேரம் குறைவாகத் தூங்கின என்பதும் தெரிந்தது. பிராந்தி குடித்த தாயின் பிள்ளை நன்றாகத் தூங்கும் என்று சொல்வது எவ்வளவு தப்பு பாருங்கள்.

அப்படியானால் மார்பு கனத்ததே, அது என்ன? அதற்கும் 2005ல் விடை கிடைத்தது. பால் சுரக்கவைப்பது புரோலாக்டின் என்ற சுரப்பு. சுரந்த பாலைக் காம்புக்கு இறக்கிவிடுவது ஆக்சிடோசின். சாராயம் முதலாவதை ஏற்றிவிடுகிறது, இரண்டாவதை இறக்கிவிடுகிறது. மார்பு கனக்கும், பால் இறங்காது. எங்க ஆயா பொய் சொல்லவில்லை. தன் உடம்பில் கனத்ததைச் சொன்னாள். பிள்ளையின் வாய்க்கு வந்ததை அளக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

இதை ஆயாக்கள் மட்டும் நம்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். 1895ல் அமெரிக்காவின் பெரிய பீர் கம்பெனியான அன்ஹைசர்-புஷ், ‘மால்ட் நியூட்ரின்’ என்று ஒன்றைப் பால் கொடுக்கும் தாய்மாருக்கான டானிக் என்று விற்றது. இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் 1851ல் தயாரித்த கிரைப் வாட்டரில் 3.6 விழுக்காடு ஆல்கஹால் இருந்தது. அந்த நாட்டில் அதை முழுக்க நீக்கியது 1992ல்தான். கோட்டு சூட்டு போட்டவன் விற்றால் டானிக், சேரிக் கிழவி மூடியில் ஊற்றினால் அறியாமை. இந்த ஓரவஞ்சனையை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. அதே நேரத்தில் இரண்டும் தப்பு என்பதையும் சொல்ல வேண்டும்.

பிள்ளையின் வளர்ச்சிக்கு என்ன ஆகும்? இங்கே உள்ளதை உள்ளபடி பேச வேண்டும். 1989ல் ரூத் லிட்டில் என்பவரும் அவருடைய குழுவினரும் சுமார் 400 குழந்தைகளை ஒரு வயதில் சோதித்தார்கள். தினமும் குடித்த தாயிடம் பால் குடித்த குழந்தைகளுக்குக் கை கால் இயக்க வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கியிருந்தது. அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. அவரே 2002ல் வேறு குழந்தைகளை ஒன்றரை வயதில் பார்த்தபோது இயக்க வளர்ச்சியில் அந்தக் குறை தென்படவில்லை. 2018ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஆய்வு, குடிக்கும் தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் ஆறேழு வயதில் யோசித்து விடை காணும் சோதனைகளில் பின்தங்கியதைக் கண்டது. குடி கூடக் கூட மதிப்பெண் குறைந்தது. பத்து, பதினொரு வயதில் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆக, என்றைக்கோ ஒரு நாள் ஒரு மூடி குடித்த தாயின் பிள்ளை கெட்டே போகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. என் பையனும் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் தினமும் குடிப்பதும் மிதமிஞ்சிக் குடிப்பதும் வேறு சங்கதி. கருவில் இருக்கும்போது குடிப்பது எல்லாவற்றையும்விடக் கேடு. அங்கே மூளையே உருவாகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேட்டைப் பிறகு சரிசெய்ய முடியாது.

இந்த விசயத்தில் நம் கண்ணைத் திறக்கும் இடம் தென்னாப்பிரிக்கா. மேற்கு கேப் பகுதியின் திராட்சைத் தோட்டங்களில் வெள்ளை முதலாளிகள் கூலியில் ஒரு பங்கை மதுவாகவே கொடுத்தார்கள். ‘டாப்’ முறை என்று பெயர். காலையில் ஒரு குவளை, மதியம் ஒரு குவளை, சாயங்காலம் ஒரு குவளை. 1960களில் சட்டம் தடுத்த பிறகும் அது நின்றபாடில்லை. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகத்திலேயே மிக அதிகமாகக் காணப்பட்ட இடங்களில் ஒன்று அது. அந்த மண்ணில் பிலிப் மே குழுவினர் 2016ல் பாலூட்டும் காலத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கர்ப்பத்தில் குடித்ததைக் கணக்கில் கழித்த பிறகும், பாலூட்டும்போது குடித்த தாய்மாரின் பிள்ளைகள் எடையில் குறைந்திருந்தார்கள், மொழி சார்ந்த அறிவுச் சோதனையில் பின்தங்கியிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான் வந்தது. சாவுக்குப் பறையடிக்கப் போனவனுக்குக் கூலியோடு சாராயம். அறுப்புக்குப் போனால் கள்ளு. செத்த மாட்டைத் தூக்கினால் சாராயம். ‘குடிச்சாதான்டா உங்களுக்கு வேல ஓடும்’ என்று ஊற்றிக்கொடுத்தவனே, மறுநாள் ‘குடிகாரப் பசங்க’ என்றான். டாப் என்று நாம் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். பறையை இழிவுக்காக அடிக்க மாட்டோம் என்று நம் இளைஞர்கள் மறுத்து நின்றபோது, அதோடு வந்த சாராயத்தையும் சேர்த்துத்தான் மறுத்தார்கள். அந்த மறுப்பு நம் வரலாறு. சாராயம் நம் பண்பாடு என்று எழுதும்போது இதை நான் மறந்திருந்தேன்.

1927ல் மகாத்தில் பெண்களிடம் பேசிய பாபாசாகேப், குடித்துவிட்டு வரும் புருசனுக்கும் மகனுக்கும் சோறு போடாதீர்கள் என்றார். நான் பலமுறை மேடையில் சொன்ன செய்திதான். அதில் குடிக்கிறவன் ஆண், சோறு போடுகிறவள் பெண். சோறு போடுகிறவளே குடித்தால்? அவள் போடும் முதல் சோறு பால்தானே? இந்த இடத்தில் நம் ஆண் தோழர்கள் வாய்மூடிப் போகிறார்கள், இல்லாவிட்டால் சிரிக்கிறார்கள். ‘பொம்பள குடிக்கிறா’ என்பது அவர்களுக்கு ஒரு தமாசு.

கணக்கெடுப்பில் பார்த்தால் இது ஒரு பிரச்சினையே கிடையாது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் 19 விழுக்காட்டினர் குடிப்பதாகச் சொன்னார்கள். பெண்களில் 1 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியது. என்னிடம் கேட்டிருந்தால் நானும் ‘குடிப்பதில்லை’ என்றுதான் சொல்லியிருப்பேன். அது பச்சை உடம்புக்கு மருந்து, குடி என்று நான் நினைக்கவே இல்லையே. சொன்னால் ஊர் என்ன பேசும் என்ற பயமும் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். செத்தவர்களில் பெண்களும் உண்டு. பிணமாகக் கிடக்கும்போதுதான் அவர்கள் குடித்தார்கள் என்பதே வெளியே தெரிந்தது.

அதனால்தான் சொல்கிறேன், திட்டாதீர்கள். திட்டினால் ஒளித்துக் குடிப்பாள், ஒளித்துப் பால் கொடுப்பாள். பிள்ளைக்கு ஒன்றானால் நர்சிடம் உண்மையைச் சொல்ல மாட்டாள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நான் இவ்வளவு நேரம் பேசியதைக் கேட்டுவிட்டு, ‘குடிக்கிறவ பாலே கொடுக்க வேணாம், பவுடர் பால் கொடு’ என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது நம் பிள்ளைகளுக்கு உயிர்க்காப்பு. பவுடரைக் கரைக்க எந்தத் தண்ணீரை ஊற்றுவீர்கள்? இந்தத் தோல் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ பாழாகிவிட்டது என்ற ஆய்வை 1996ல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்னது. பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டுக்கிடக்கும் ஊரில் புட்டிப்பால் என்பது இன்னொரு விஷம்.

ஆகவே நாம் தெருத்தெருவாகப் போய்ச் சொல்ல வேண்டியது இதுதான். பாலை நிறுத்தாதே, குடியை நிறுத்து. எப்போதாவது ஒரு மூடி குடித்துவிட்டாயா, இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும், பிறகு கொடு. கூடுதலாகக் குடித்திருந்தால் கூடுதலாகக் காத்திரு. அந்த நேரத்துக்கு முன்கூட்டியே பீய்ச்சிவைத்த பாலைச் சுத்தமான பாலாடையில் கொடுக்கலாம். போதையில் இருக்கும் தாயோ தகப்பனோ பிள்ளையைப் பக்கத்தில் போட்டுப் படுக்கக் கூடாது. ஒத்த ரூம் வீட்டில் இது கஷ்டம்தான், தெரியும். ஆனால் புரண்டு படுத்தால் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும். சளிக்கு என்று இரண்டு சொட்டு, பல் முளைக்கும்போது ஈறில் ஒரு தடவு, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பச்சைப் பிள்ளையின் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பிள்ளை பெற்ற வலிக்குப் பாரசிட்டமால் மாத்திரை இருக்கிறது, பால் கொடுக்கும் தாய் சாப்பிடலாம். பால் ஊறப் பிள்ளையை அடிக்கடி மார்பில் போட வேண்டும். வயிறாரச் சோறு வேண்டும், ஓய்வு வேண்டும். தினமும் நிறையக் குடித்துப் பழகியவள் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம். அவளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே அவளோடு கூட நில்லுங்கள்.

ஓய்வு என்று சொன்னேன். இங்கேதான் கவிஞர் வாயடைத்துப் போக வேண்டியிருக்கிறது.

எனக்குப் பேங்கில் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. அடுத்த வருசம் என் தம்பி பொண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்தது. அவள் ஷூ கம்பெனியில் தையல். கான்ட்ராக்ட்காரன் மூலம் போகிறவள். எழுபதாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். போகாவிட்டால் மிஷினில் வேறு ஆள். காலையில் வேன் ஏறினால் இருட்டுகிற நேரத்துக்கு வருவாள். மத்தியானம் பால் கட்டி ஜாக்கெட்டு நனைந்து, கக்கூசில் நின்று சுவரில் பீய்ச்சிவிட்டு மிஷினுக்கு ஓடுவாளாம். ராத்திரி முதுகு ஒடியும், மார்பு கல்லாகக் கனக்கும். அவள் அம்மா வந்து ஒரு மூடி ஊற்றிக்கொடுக்கும். நான் பேசினேன். இப்போது உங்களிடம் சொன்ன எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “அண்ணி, நீங்க சொல்றது வாஸ்தவம். அந்த ஒரு மூடி இல்லன்னா காலைல என்னால எழுந்திருக்க முடியாது. எழுந்திருக்கலன்னா சோறு இல்ல. நான் இன்னா பண்ணட்டும்?” என்றாள்.

நான் வலிக்குக் குடித்தேன். அவள் வேலைக்குப் போவதற்காகக் குடித்தாள். டாப் முறையில் முதலாளி ஊற்றிக்கொடுத்தான். இங்கே முதலாளிக்கு அந்தச் செலவும் மிச்சம், நாமே வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ன் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தாய்க்குத் தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை என்று 1961ன் மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. 2017ல் விடுப்பு 26 வாரமானது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம், தாய் தினம் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் எழுதினார்கள். 2020ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. என் தம்பி பொண்டாட்டிக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கும் பெண்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர்! அவர்களுக்கு எந்தக் கம்பெனி தொழிலாளி என்று சீட்டு கொடுத்தது?

நான் பேங்கில் கேஷ் கவுண்டரில் உட்கார்கிறவள். காலையில் வரும் பெரிய பணம் டாஸ்மாக் வசூல். கசங்கின நோட்டு, வியர்வை வாடை. எண்ணி எண்ணிக் கட்டுப் போடுகிறேன். 2003லிருந்து சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. 2024-25ல் அரசுக்கு அதிலிருந்து வந்த வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அதே கவுண்டருக்குக் கைப்பிள்ளையோடு ஒருத்தி வருவாள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை ஏறிவிட்டதா என்று பாஸ்புக்கை நீட்டுவாள். அந்தத் திட்டத்தில் ஒரு பிரசவத்துக்கு மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி, அதுவும் தவணை தவணையாக. சாராயப் பணம் தினமும் தவறாமல் வருகிறது. இவள் பணத்துக்கு இவள் நடையாய் நடக்கிறாள்.

2024 அக்டோபர் 2ல் உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டில் மதுவிலக்கு கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. கடையை மூடு என்று கேட்கும் அதே குரலில் காப்பகத்தைத் திற என்றும் கேட்போம். கான்ட்ராக்ட் தாய்க்கும், வீட்டில் தைக்கும் தாய்க்கும் 26 வாரம் கொடு என்று கேட்போம். கடையை மட்டும் மூடிவிட்டு எழுபதாம் நாள் அவளை மிஷினுக்கு அனுப்பினால், அவள் காய்ச்சுகிறவனைத் தேடித்தான் போவாள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவில் பிள்ளை பெற்றவள் எத்தனையாம் நாள் வேலைக்குத் திரும்பினாள், அவள் கம்பெனியில் காப்பகம் உண்டா, பாலூட்ட இடைவேளை உண்டா என்று எழுதி எடுங்கள். பெண் தோழர்கள் போய் உட்கார்ந்து பேசட்டும். குடியைப் பற்றிக் கடைசியில் கேளுங்கள், பெயர் எழுதாதீர்கள். அந்தத் தாள்களை வைத்துத்தான் நாம் தொழிற்சாலை ஆய்வாளரிடம் போக முடியும். என் கவிதையை வைத்துப் போக முடியாது.

கடைசியாக ஒன்று. நர்சம்மா கேட்ட கேள்விக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் சொல்கிறேன். அந்தப் பாலைக் குடித்த பிள்ளை, என் சித்தப்பா, மூன்று வயதில்தான் நடந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. ‘சாராயத்துக்குப் பொறந்தவனே’ என்று வாத்தியார் கூப்பிடுவாராம். பத்து வயதில் தோல் ஷாப்பு. ஆயா குடித்ததாலா, கர்ப்பத்திலேயே பட்டினி கிடந்ததாலா, அந்த வாத்தியாராலா என்று எனக்குத் தெரியாது, யாராலும் பிரித்துச் சொல்லவும் முடியாது. போன மாதம் அவரிடம் இந்தக் கவிதையைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். “அம்மாவப் பத்தி நல்லா எழுதிக்கிற” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் எங்க கீறேன் இதுல?” என்று கேட்டார்.

அதை எழுதிவிட்டு வந்து இன்னொரு நாள் வாசிக்கிறேன். ஜெய்பீம்.